கோப்பைச் சுவர் மெல்லிசாக வருவது பற்றி

வணக்கம். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி 20 நிமிடம் விட்டும் கோப்பைச் சுவர் மெல்லிசாகவே இருக்கிறது, கழற்றும்போது அடி ஒட்டுகிறது என்று களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதியிருந்தீர்கள். களியை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

முதலில் குழம்பை எடை போட்டுப் பாருங்கள். 100 மில்லிலீட்டர் குழம்பு 175 முதல் 180 கிராம் வரை இருந்தால் நல்லது. 160 என்றால் தண்ணீர் கூடிவிட்டது, காய்ந்த களிப்பொடி சேருங்கள். இளக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது சோடியம் சிலிக்கேட் என்ற இளக்கும் திரவத்தின் வேலை. அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். கூடினாலும் வார்ப்பு ஒட்டும்.

அப்புறம், அடியில் சிறு துளையிட்ட ஒரு கப்பில் குழம்பை ஊற்றி வடியும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு துளையை அடைத்து, குழம்பை மறுபடி ஊற்றி, கலக்காமல் 10 நிமிடம் வைத்துத் திரும்பப் பாருங்கள். இரண்டாம் முறை வடிய மிகவும் நேரம் எடுத்தால் சிலிக்கேட் போதவில்லை.

எனக்கு அச்சிலும் சந்தேகம் இருக்கிறது. நம் மட்டக்களப்பு மாரியில் பிளாஸ்டர் லேசில் காயாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் உள்ளே ஈரம். ஈர அச்சு தண்ணீரை உறிஞ்சாது, சுவரும் கட்டாது. மின்விசிறிக் காற்றில் சில நாள் காயவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம், பிளாஸ்டர் பொடிந்துபோகும். குழம்பின் எடையை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.