மகள் பார்க்கும் மரணப் பக்கங்கள்

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இளம் வயதில் இறந்துபோன பாடகர்கள், நடிகர்களைப் பற்றியே எழுதும் ஓர் இணையதளத்தை ராத்திரியெல்லாம் பார்க்கிறாள். போட்டோ, வயது, எப்படி இறந்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் முறைக்கிறாள். போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. பிடுங்கினால் தோழியின் போனில் பார்ப்பாள். உங்களிடம் பேசுவதுதான் நின்றுபோகும்.

சாவைப் பற்றித் தெரிந்துகொள்வதே பிள்ளைகளுக்கு ஆகாது என்று நான் நினைக்கவில்லை. நகரத்தார் வீடுகளில் படைப்பு நடக்கும்போது பிள்ளைகளை வெளியிலா அனுப்புகிறோம்? முன்னோருக்குத் துணி வைத்து, சமைத்துப் படைக்கிற இடத்தில், சின்ன வயதில் போனவர்களின் கதையையும் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆனால் அங்கே கதை சொல்ல ஆயா இருக்கிறார். பயந்தால் மடியில் சாய்ந்துகொள்ளலாம். நடுராத்திரி போனோடு தனியாகப் படுத்திருக்கிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் அந்தப் பக்கங்களை நீங்களே படியுங்கள். விபத்தோ நோயோ, நடந்ததைச் சொல்லி, அவர் வாழ்ந்ததையும் சொல்கிற பக்கத்தை அவள் தாராளமாகப் படிக்கலாம். தற்கொலை செய்துகொண்ட விதத்தை விவரித்து, கடைசிக் கடிதத்தையும் போட்டு, ‘இனி நிம்மதி’ என்று முடிக்கிற பக்கம் கூடவே கூடாது. முறையை விவரிக்க வேண்டாம், அதை ஒரு தீர்வாகக் காட்ட வேண்டாம், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறது. படித்ததைப் பார்த்து அதையே செய்யத் தோன்றும் ஆபத்து இந்த வயதில்தான் அதிகம்.

இன்னொன்று, ‘27 கிளப்’. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ் என்று மேல்நாட்டுப் பாடகர்கள் எல்லோரும் 27 வயதில் இறந்தார்கள் என்று அதை ஒரு மாயம் போல எழுதுவார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்களைப் பார்த்ததில் 27 வயதுக்கென்று தனி ஆபத்து எதுவும் இல்லை. புகழ் பெற்றவர்களுக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் சாவு மற்றவர்களைவிடக் கூடுதல், அவ்வளவுதான். ஏமி இறந்தது அளவுக்கு மீறிய குடியால். இதை உங்கள் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பாட்டுகளையும் சேர்ந்து கேளுங்கள். அவளுக்குப் பிடித்தது பாட்டா, சாவா என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறாளா, தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறதா, பிடித்த பொருட்களை யாருக்காவது கொடுக்கிறாளா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சுற்றி வளைக்காமல், “செத்துப்போகணும்னு தோணுதாம்மா?” என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழவும் விடுங்கள், தனியாக விடாதீர்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அன்றைக்கே டாக்டரிடமும் அழைத்துப் போங்கள், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.