தடையில் உள்ள ரஷ்ய வங்கியிலிருந்து தேயிலைப் பணம் வாங்கலாமா?

கேள்வி: குன்னூரிலிருந்து தேயிலை ஏற்றுமதி செய்கிறேன். என்னிடம் பல வருடமாக வாங்கும் மாஸ்கோ வியாபாரிக்குக் கணக்கு ஆல்ஃபா வங்கியில். அங்கிருந்து வரும் பணத்தை ஏற்க முடியாது, அமெரிக்கத் தடை இருக்கிறது என்கிறது என் வங்கி. “துபாயில் தெரிந்த கம்பெனி டாலரில் அனுப்பிவிடும், பேப்பரில் என் பெயர் வேண்டாம்” என்கிறார் அவர். அடுத்த கண்டெய்னரில் திருப்பூர் பனியனும் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: துபாய் வழி வேண்டாம். உங்கள் தேயிலைக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை.

ஆல்ஃபா, ரஷ்யாவின் மிகப் பெரிய தனியார் வங்கி. 2022 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா அதன் சொத்துகளை முழுமையாக முடக்கியது. இந்தத் தடை இந்தியச் சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தாது; ஐ.நா. பாதுகாப்பு சபையின் தடைகளைத்தான் இந்தியா அமல்படுத்துகிறது. ஆகவே அந்த வங்கியின் வாடிக்கையாளருக்கு விற்பது இங்கே குற்றமில்லை.

அப்படியானால் உங்கள் வங்கி ஏன் பயப்படுகிறது? 2023 டிசம்பரில் வந்த அமெரிக்க அதிபரின் 14114-ஆம் ஆணை வெளிநாட்டு வங்கிகளையே குறிவைக்கிறது. 2024 ஜூனில் அதன் வீச்சு விரிந்து, ஆல்ஃபா போன்ற வங்கிகளும் உள்ளே வந்தன. அவற்றோடு பெரிய அளவில் பரிவர்த்தனை செய்யும் வங்கி, அமெரிக்காவில் வைத்திருக்கும் டாலர் கணக்கையே இழக்க நேரிடலாம். ரூபாயில் வாங்கினால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஆணை நாணயத்தைப் பார்ப்பதில்லை.

சரி, உங்களுக்கு நல்ல செய்தி. தடைகளை நடத்தும் அமெரிக்க அலுவலகமான ஓஃபாக், உணவுப் பொருளுக்கும் மருந்துக்கும் பொது உரிமம் (தனியாக விண்ணப்பிக்காமலே எல்லோருக்கும் பொருந்தும் அனுமதி) தந்திருக்கிறது. அதன் எண் 6. தேயிலை அதற்குள் வரும். அமெரிக்கருக்கே அனுமதியுள்ள பரிவர்த்தனைக்காக வெளிநாட்டு வங்கியைத் தண்டிப்பதில்லை என்றும் எழுத்தில் விளக்கியிருக்கிறது. அந்த உரிமத்தின் இப்போதைய பிரதி, ஒப்பந்தம், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் (சுங்கத்துறையில் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதத்தோடு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கொடுங்கள். கிளை மேலாளரிடம் பேசிப் பயனில்லை, முடிவெடுப்பது தலைமையகத்தில்.

அதற்கும் மறுத்தால் கட்டாயப்படுத்த வழியில்லை. அமெரிக்கத் தடைப் பட்டியலில் இல்லாத ரஷ்ய வங்கி ஒன்றில், இந்தியாவில் சிறப்பு ரூபாய் வாஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில் ரூபாயில் வைத்திருக்கும் கணக்கு) உள்ளதாகப் பார்த்து, அவரைக் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட வழி இது. அந்த வங்கியில் ஆல்ஃபா போன்றவர்களுக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் முடக்கப்பட்டதுதான்.

துபாய்க்கு வருகிறேன். டாலர் பணம் பெரும்பாலும் ஏதாவதொரு அமெரிக்க வங்கி வழியாகத்தான் போகும். சிங்கப்பூரின் சிஎஸ்இ குளோபல், ஈரான் ஒப்பந்தங்களுக்காகச் சிங்கப்பூர் வங்கியிலிருந்து டாலர் அனுப்பியது. அமெரிக்க வங்கிகளைத் தடையை மீற வைத்ததாகச் சொல்லி, 2017-இல் அந்தக் கம்பெனியிடம் 1 கோடியே 20 லட்சம் டாலர் வசூலித்தார்கள். அது வங்கியும் அல்ல, அமெரிக்கக் கம்பெனியும் அல்ல. உங்கள் தேயிலைக்கு அனுமதி இருக்கும்போது, வாங்குபவர் பெயரை மறைப்பதால்தான் சந்தேகமே வரும். பணத்தை நடுவழியில் முடக்கினால், மீட்க ஓஃபாக்கிடம் உரிமம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இங்கேயும் சிக்கல் வரும். மூன்றாம் நபர் பணம் செலுத்துவதை ஃபெமா (இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. ஆனால் அதை வங்கியிடம் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வந்த பணம் ஷிப்பிங் பில்லோடு பொருந்தாது. ஏற்றுமதித் தொகை வராத கணக்கில் உங்கள் பெயர் நிற்கும்.

பனியன் உணவுப் பொருள் அல்ல, அந்த உரிமம் அதற்குப் பொருந்தாது. தேயிலையோடு ஒரே இன்வாய்ஸில் போட்டால் தேயிலைப் பணமும் மாட்டிக்கொள்ளும். பட்டியலில் இல்லாத வங்கியிலிருந்து முன்பணம் வந்த பிறகு, தனி ஒப்பந்தத்தில், தனிச் சரக்காக அனுப்புங்கள்.