வேர் அழுகிய ஆர்க்கிட் பிழைக்குமா?

கேள்வி: பரிசாக வந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஜன்னலோரம் இருக்கிறது. பூக்கள் உதிர்ந்த பிறகு இலைகள் சுருங்கித் தொங்க ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று தினமும் ஊற்றினேன், இன்னும் மோசமாகிவிட்டது. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான வேர்கள் அழுகியிருக்கின்றன. இலைகள் நான்கு இருக்கின்றன. காப்பாற்ற முடியுமா? உரம் கொடுக்கலாமா?

பதில்: முடியும் என்றுதான் நினைக்கிறேன். நான்கு இலை என்பது நல்ல கையிருப்பு. ஆனால் வேரில் கை வைப்பதற்கு முன் குருத்தைப் பாருங்கள். இலைகள் சேரும் நடுப்பகுதி பச்சையாக, கெட்டியாக இருந்தால் தைரியமாக வேலையில் இறங்கலாம். அங்கே கறுத்து, நடு இலையை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டால் நிலைமை வேறு. ஃபெலனாப்சிஸ் ஒரே குருத்திலிருந்து மேல்நோக்கி வளரும் செடி. குருத்து போய்விட்டால் அதன் வழியாகப் புது இலை வராது. அபூர்வமாக அடியிலிருந்து ஒரு பக்கக் கன்று கிளம்பலாம், அவ்வளவுதான். உரம் இப்போது வேண்டவே வேண்டாம்.

இலை வாடினால் தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் இயல்பாக வருவதுதான். ஆர்க்கிட்டில் மட்டும் அதற்கு முன் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே காய்ந்திருந்தால் செடிக்குத் தாகம். உள்ளே ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால், தண்ணீரை மேலே ஏற்ற வேர் இல்லை என்று அர்த்தம். அப்போது ஊற்றும் ஒவ்வொரு குவளையும் மிச்சமிருக்கும் வேரையும் கெடுக்கும்.

இந்தச் செடி இயற்கையில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. வேரைச் சுற்றி வெலாமன் என்ற, பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பெய்ததும் அது நீரை உறிஞ்சிப் பச்சையாக மாறும், காற்றில் காய்ந்ததும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். அந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். நாள் கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் மூச்சு முட்டிச் சாகும், அப்புறம் பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்து சேரும். தொட்டியில் இருக்கும் மரப்பட்டைத் துண்டுகளும் ஒன்றிரண்டு வருடங்களில் மக்கிப் பொடியாகி, சேறு போல நீரைப் பிடித்து வைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய கலவையை முழுவதும் உதறிவிட்டு, மிதமான சூட்டில் இருக்கும் தண்ணீரில் வேர்களை அலசுங்கள். நடுவில், தண்டுக்கு நேர் கீழே, பாசி உருண்டை அல்லது ஸ்பாஞ்சுக் கட்டி ஒன்று ஒளிந்திருக்கிறதா பாருங்கள். நாற்றாக இருந்தபோது வைத்தது. பல செடிகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மேலே காய்ந்து தெரிந்தாலும் அது உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும், பல நேரம் அழுகல் தொடங்குவதே அங்கேதான். பொறுமையாகப் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வேரையும் விரல்களுக்கு இடையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். வெளிச்சம் படாத நல்ல வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர்தான், விட்டுவிடுங்கள். அழுத்தியதும் நீர் கசிந்தாலோ, உறை வழுக்கிக்கொண்டு வந்து நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சினாலோ அது செத்த வேர். ஆல்கஹாலில் துடைத்த கத்தரிக்கோலால், கெட்டியான பகுதி வரும்வரை வெட்டுங்கள். தண்டின் அடிநுனி கறுத்திருந்தால் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, சுத்தமான திசு தெரிந்ததும் நிறுத்துங்கள். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம். அது ஈரத்தை இழுத்துக் காய வைக்கும், அதனாலேயே நல்ல வேரின் மேல் படக் கூடாது. பூந்தண்டு மிச்சமிருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் செடியின் சத்து இப்போது வேருக்குப் போகட்டும். ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்த பிறகு நடலாம்.

விரல் நீளத்தில் மூன்று நான்கு நல்ல வேராவது மிஞ்சியிருந்தால், வேர்கள் அடங்கும் அளவுக்குச் சின்னத் தொட்டி எடுத்து, புதிய மரப்பட்டைத் துண்டுகளில் நடுங்கள். மண் கூடவே கூடாது. பெரிய தொட்டியும் வேண்டாம், நடுவில் காயவே காயாது. தண்டைப் புதைக்காமல், செடி ஆடாதபடி ஒரு குச்சியோடு கட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செடி ஆடினால் புதிதாக வரும் வேர்நுனி உரசி முறிந்துவிடும்.

வேரே மிஞ்சவில்லை என்றால், ஸ்பேக்னம் பாசியை நனைத்து, சொட்டு விழாதவரை நன்றாகப் பிழிந்து, ஒளி ஊடுருவும் டப்பாவின் அடியில் பரப்புங்கள். அதன் மேல் தண்டின் அடி லேசாகத் தொடும்படி செடியை வைத்து மூடுங்கள். உள்ளே ஈரக்காற்று இருப்பதால் இலைகள் நீரை இழப்பது குறையும். நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் படக் கூடாது; மூடிய டப்பா வெயிலில் வெந்துவிடும். 25 டிகிரி செல்சியஸ் சுற்றி இருந்தால் நல்லது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள், பூஞ்சை தெரிந்தால் பாசியை மாற்றுங்கள்.

இனிமேல்தான் நீண்ட காத்திருப்பு. வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். இடையில் அடியிலுள்ள இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். அதிலிருக்கும் நீரையும் சத்தையும் எடுத்துத்தான் செடி வேர் விடப் பார்க்கிறது. தானாகக் காயும்வரை அந்த இலையை வெட்டாதீர்கள். சுருங்கிய பழைய இலைகள் முழுசாக நிமிராமலே போகலாம், அவற்றை வைத்துச் செடியை எடைபோட வேண்டாம். தண்டின் அடியில் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ பளபளக்கும் சிறு மொட்டு போல வேர்நுனி எட்டிப் பார்க்கும். அதுதான் நீங்கள் தேட வேண்டிய அறிகுறி.

மரப்பட்டையில் நட்ட செடிக்கு, தொட்டி எடை குறைந்து வேர்கள் வெள்ளியாக மாறிய பிறகு காலையில் தாராளமாக ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். குருத்தில் தண்ணீர் தங்கினால் காகிதத் துணுக்கால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டிக்குள் வைத்திருந்தால், அடியில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும். உரத்தைப் பொறுத்தவரை, உறிஞ்ச வேர் இல்லாதபோது அதன் உப்பு கலவையிலேயே தங்கிப் புது வேர்நுனியைக் கருக்கிவிடும். புதிய வேர்கள் இரண்டு அங்குலம் நீண்ட பிறகு, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கத் தொடங்குங்கள்.