அந்தத் தாளைப் பாட்டியிடம் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். கிணற்று நீரும் குடும்ப நலமும் பற்றி நாற்பது வீடுகளில் கணக்கெடுக்க அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது வீட்டிலேயே ஒரு பாட்டி, "முன்னால் வந்தவர்களும் இதைத்தான் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அது என்ன ஆயிற்று, கண்ணு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வளங்குன்றா வளர்ச்சி, சமூக நலம் என்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வுகளால் எங்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

உண்டு. சான்று உங்கள் சித்தூர் வட்டத்திலேயே இருக்கிறது. பிளாச்சிமடையில் 2000-இல் கோக்கோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச காலத்திலேயே, தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலைக்கு எதிரே போராட்டம் தொடங்கியது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்னால் நின்றார். அடுப்படியில் நின்று கண்டதைச் சொன்ன அந்தப் பெண்களின் பேச்சை அதிகாரத்தில் இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆலை தன் கசடை உரம் என்று உழவர்களுக்குக் கொடுத்துவந்தது. 2003-இல் பிபிசி வானொலி அதில் கொஞ்சம் எடுத்துப்போய் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்தது. ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இருப்பது தெரிந்தது. பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நின்றதற்குப் பிளாச்சிமடை அடங்கிய பெருமாட்டி ஊராட்சியின் உறுதியும் மக்களின் பிடிவாதமும் முதற்காரணம்; ஆய்வுக்கூடம் அவர்களுக்குத் துணை நின்றது. 2010-இல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அந்த இழப்பீட்டைப் பெற்றுத்தரத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த மக்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், அறிக்கையும் அப்படியே. அரசு அறிவிப்பு மலையாளத்தில் வரும். தமிழை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டிக்குத் தன் கிணற்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கோபப்படாமல் கேட்டதே பெரிது.

வேலந்தாவளம் பக்கம் ஒரு மாணவர் செய்ததை நேரில் பார்த்தேன். ஒரு பாட்டிலில் மழைநீர், இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்று நீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினார். மழைநீர் கழுத்துவரை நுரைத்தது. மற்றதில் தயிர் திரிந்தது போல வெள்ளைத் திப்பி மிதந்தது. திண்ணையில் இருந்த அம்மா ஒருவர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதனால்தான் பருப்பு வேகவில்லையா?" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எந்தப் படிவத்திலும் இல்லாதவை: எந்த மாதத்தில் உப்பு கூடுகிறது, பக்கத்துத் தோப்பில் புதிதாகக் குழாய் இறக்கியதும் தன் கிணறு ஏன் வற்றியது, கூரைநீரைப் பிடித்துவைத்தால் சமையலுக்கு ஆகுமா. உங்கள் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அது.

ஒன்றிய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டம் 2014 முதல் கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கிறது. உங்கள் கல்லூரி அதில் இருந்தால் வழிகாட்டிப் பேராசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு தாள் போதும். அந்தக் கிணற்று நீரின் கடினத்தன்மை (சோப்பை நுரைக்கவிடாத தன்மை), உப்பு, குடிக்கலாமா கூடாதா என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். முதல் தாளை அந்தப் பாட்டியிடம் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.