பிங் 40, திடீரென்று 400: வாசகர் கேள்விகள்

வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீடு டெஸ்ட்டில் டவுன்லோடு 96, அப்லோடு 20 காட்டுகிறது. ஆனால் ராத்திரி வாலரன்ட் ஆடும்போது 40-இல் இருக்கும் பிங் திடீரென்று 400-க்குத் தாவுகிறது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா சார்?
– கல்லூரி மாணவர், மதுரை

அவசரப்பட்டு மாறாதீர்கள். பெரும்பாலான கேம்களுக்கு 1 எம்பிபிஎஸ் கூட முழுசாகத் தேவைப்படாது. கேம் அனுப்பும் தகவல் துண்டு (பாக்கெட்) சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், அதாவது பிங்தான் உங்கள் பிரச்னை. அது எந்த இடத்தில் கூடுகிறது என்று முதலில் பிடிக்க வேண்டும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் இரண்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு பிங் கொடுங்கள். முகவரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் ஆங்கில ‘t’ எழுத்தும் சேர்த்தால் (ping 8.8.8.8 -t) நிறுத்தாமல் ஓடும். நிறுத்த கன்ட்ரோலும் சியும். இரண்டையும் ஓடவிட்டு, லேக் அடிக்கிற நேரத்தில் பாருங்கள்.

ரூட்டருக்கான பிங் லேன் கேபிளில் 1 மில்லிசெகண்டுக்குள், வைஃபையில் 2 முதல் 5-க்குள் இருப்பது நல்ல நிலை. எப்போதாவது ஒரு தடவை 30 வந்தால் பொருட்படுத்தாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்வது ரூட்டருக்கு முக்கியமான வேலை இல்லை, சாவகாசமாகத்தான் செய்யும். ஆனால் அது அடிக்கடி 100, 200 என்று போனால் கோளாறு வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. ரூட்டர் 1-இலேயே நின்று, 8.8.8.8 மட்டும் 400-க்குப் போனால் கோளாறு ரூட்டருக்கு வெளியே போகும் லைனில்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ராத்திரி எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் ஃபோன்கள் பகலில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். உங்கள் அப்லோடு 20 எம்பிபிஎஸ்தான். அது நிரம்பியதும், அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை மோடம் தன் பஃபரில் (தற்காலிகக் கிடங்கில்) தேக்கிவைக்கும். பஃபரில் 10 லட்சம் பைட் சேர்ந்துவிட்டால் அது 80 லட்சம் பிட். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது காலியாக 0.4 நொடி ஆகும். நீங்கள் சுட்ட ஒரு சின்ன பாக்கெட், ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்களுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டிக்காக நிற்பதுபோல, அந்த 400 மில்லிசெகண்டும் வரிசையில் நிற்கிறது. பஃபர்புளோட் என்பது இதைத்தான்.

உறுதி செய்துகொள்ள, பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றிப் பாருங்கள். ஏற ஆரம்பித்ததும் பிங் எகிறி, நிறுத்தியதும் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

காசு செலவில்லாத வழி: ஃபோட்டோ பேக்கப்பை ராத்திரி 2 மணிக்குத் தள்ளுங்கள், அல்லது கம்ப்யூட்டரில் இருக்கும் சிங்க் ஆப்பில் அப்லோடு அளவைக் கட்டிவையுங்கள். நிரந்தர வழி, ரூட்டரில் எஸ்க்யூஎம் போடுவது, அதாவது பாக்கெட் வரிசையை ரூட்டரே ஒழுங்குபடுத்தும் வசதி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருள் ஏற்றக்கூடிய ரூட்டர்களில் அதற்கு கேக், எஃப்க்யூ கோடல் என்ற இரண்டு முறைகள் உண்டு. கிடைத்தால் கேக் போடுங்கள். வேகத்தை உங்கள் உண்மையான அளவில் 85 முதல் 90 சதவீதமாக எழுதுங்கள். உங்களுக்கு அப்லோடு 17, டவுன்லோடு 85. குறைத்து எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது: அப்போதுதான் வரிசை மோடத்தில் உருவாகாமல், கட்டுப்படுத்தத் தெரிந்த உங்கள் ரூட்டரில் உருவாகும். 20 என்றே எழுதிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று, இந்த வேலை முழுவதும் ரூட்டரின் பிராசஸர் தலையில் விழும். 100 எம்பிபிஎஸ் லைனைத் தாங்கும் பழைய ரூட்டர் 500-இல் திணறும்.

லேப்டாப்பில் வைஃபையில்தான் விளையாடுகிறேன். அப்பார்ட்மென்ட்டில் 30 வைஃபை பெயர்கள் தெரிகின்றன. பிங் ஒரே சீராக இல்லை. சில நாள் ஒரு நிமிடம் வைஃபையே காணாமல் போய்விட்டு வருகிறது.
– ஐடி ஊழியர், சென்னை வேளச்சேரி

ரூட்டரிலிருந்து ஒரு கேட் 5இ லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இந்தப் பதிலின் மிச்சத்தை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. 15 மீட்டர் என்றாலும் பரவாயில்லை, 100 மீட்டர் வரை தாங்கும்.

முடியாது என்றால், முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு வெளியே வாருங்கள். அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். 30 வீடுகள் அந்த மூன்றில் அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசையில்தான் கசியும். ரூட்டரில் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டும் ஸ்மார்ட் கனெக்ட்டை அணைத்து, 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் தன் இஷ்டத்துக்கு 2.4-க்குத் தாவும்.

ஒரு நிமிடம் காணாமல் போகிறது என்றீர்களே, அதைக் கவனியுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் போன்ற சிக்னல் கேட்டால் ரூட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். அதே வரிசையில் வேறு சேனலுக்குப் போனால், அங்கே குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கும். சேனலை ஆட்டோவில் விட்டிருந்தால் இது நடக்கும். 36, 40, 44, 48 அல்லது 149-க்கு மேல் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இடமும் முக்கியம். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, டிவி ஸ்டாண்டின் கதவுக்குள்ளோ ரூட்டரை ஒளித்துவைத்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறையைத் தாண்டாது. யூஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்து யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடினால் 2.4-இல் இரைச்சல் கிளம்பும். ஒரு நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் வைஃபை சுமார் என்று தனியாக ஒரு ரூட்டர் வாங்கிச் செருகினேன். அதிலிருந்து பிஎஸ்5-இல் நாட் டைப் 3 வருகிறது, நண்பர்களோடு வாய்ஸ் சாட் கேட்பதில்லை.
– வாசகி, கோவை

உங்கள் ரூட்டரில் ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் போய், இணையம் உள்ளே வருகிற வான் போர்ட்டின் ஐபி என்ன என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் இரண்டு பெட்டியும் ரூட்டர் வேலை பார்க்கின்றன. வீட்டுக் கருவிகளை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் வேலை இரண்டு தடவை நடக்கிறது, இதுதான் டபுள் நாட். கம்பெனிக்குச் சொல்லி அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை பார்க்காமல் லைனை மட்டும் கடத்தும் நிலை) போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பிபிபிஓஇ (இணைய லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை உங்கள் ரூட்டரில் போடாமல் நெட் வராது. அவர்கள் மறுத்தால் எதிர்மாறாகச் செய்யலாம்: உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிடுங்கள், நல்ல வைஃபை மட்டும் அதிலிருந்து வரும். எது ரூட்டராக மிஞ்சுகிறதோ அதில் யூபிஎன்பியை (கேமுக்கு வேண்டிய போர்ட்டைத் தானே திறக்கும் வசதி) ஆன் செய்து, பிஎஸ்5-ஐ முழுசாக அணைத்துப் போடுங்கள்.

அந்த ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் கதை வேறு. கம்பெனியே பல வாடிக்கையாளர்களை ஒரு பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (போர்ட்டைக் கையால் திறப்பது) வீடியோக்களைப் பார்த்து மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் பலன் இல்லை. மாதக் கட்டணத்தில் ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத பொது ஐபி) கேட்டு வாங்குவதுதான் நேரடி வழி.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகி மேட்ச்சிலிருந்து வெளியேறிவிடுகிறேன். மினி யூபிஎஸ் வாங்கலாமா?
– ஜவுளிக் கடைக்காரர், திருநெல்வேலி

வாங்கலாம். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமை நேரத்தை அடாப்டர் தாங்கவில்லை. நல்ல அடாப்டர் தாங்கும். உள்ளே கெபாசிட்டர் வீங்கிய பழசு தாங்காது. அதே வோல்ட், அதே ஆம்பியர் புது அடாப்டர் ஒன்றை முதலில் மாற்றிப் பார்ப்பது மலிவு.

யூபிஎஸ் என்றால் ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டின் அடாப்டரிலும் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்று இருந்தால் மொத்தம் 2.5 ஆம்பியர் கொடுக்கிற மாடல் வேண்டும். 9 வோல்ட் பெட்டியை 12-இல் செருகிவிடாதீர்கள். அட்டையில் 8,800 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட்-ஹவர்; இரண்டு பெட்டியும் சேர்ந்து 10 வாட் இழுத்தால், மாற்றும்போது ஆகும் இழப்பு போக இரண்டரை மணி நேரம் வரலாம்.

கரண்ட் இருக்கும்போதே நெட் போய் பெட்டியில் லாஸ் (LOS, சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக எரிந்தால் யூபிஎஸ் உதவாது. ஃபைபர் எங்கோ ஒடிந்திருக்கிறது அல்லது கூர்மையாக மடிந்திருக்கிறது. கதவிடுக்கிலும் பெட்டியின் பின்னாலும் பாருங்கள்.

சிங்கப்பூர் சர்வரில் பிங் 10 வர எந்த கேமிங் ரூட்டர் வாங்கலாம்?
– பிளஸ் டூ மாணவர், சென்னை

எதை வாங்கினாலும் வராது தம்பி. ஃபைபரில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே 2,900 கிலோமீட்டர், ஆகவே 29-க்குக் கீழே இறங்க வழியே இல்லை. கேமில் மும்பை சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடு. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்றால் உன் ஊரிலேயே இருக்கிறது.