காற்றில் கலந்த உலோகத்தூள்: கேட்டவையும் பதில்களும்

தூசி எல்லாம் தூசிதானே? உலோகம் கலந்தால் மட்டும் என்ன?

எடை ஒன்றாக இருந்தாலும் குணம் ஒன்றல்ல. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் 1986-87இல் ஓர் எஃகு ஆலை ஓராண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தது. மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகள் சட்டென்று குறைந்தார்கள். ஆலை திறந்ததும் பழையபடி கூடினார்கள். இதைக் கவனித்துச் சொன்ன ஆர்டன் போப் டாக்டர் இல்லை, பொருளாதாரக்காரர்! அப்புறம்தான் சுவாரசியம். அந்தக் காலத்தில் காற்றை வடித்துத் தூசியைப் பிடித்த தாள்களிலிருந்து சாறு எடுத்து, தன்னார்வலர்களின் நுரையீரலில் துளியளவு விட்டுப் பார்த்தார்கள். ஆலை ஓடிய காலத்துச் சாறு நுரையீரலைப் புண்படுத்தியது. மூடியிருந்த காலத்துச் சாறு, அதே எடைதான், அவ்வளவு செய்யவில்லை. முன்னதில் இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் அதிகம்.

இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை விழுங்குகிறோம். மூச்சில் போனால் மட்டும் கெடுதலா?

நல்ல கேள்வி. குடல் தேவையைப் பார்த்துத்தான் இரும்பை உள்ளே விடும். நுரையீரலுக்கு அப்படியொரு காவல் கிடையாது. அங்கே படிந்த இரும்பும் செம்பும் செல்லிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து, தொட்டதையெல்லாம் அரிக்கும் மூலக்கூறாக மாற்றுகின்றன. உலோகம் இதில் செலவாவதில்லை, திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்யும்.

எங்கள் பக்கம் ஆலையே இல்லை. கவலை இல்லைதானே?

சாலை இருக்கிறதே! ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் இரும்பு, செம்பு, ஆன்டிமனி, பேரியம் என்று தேய்ந்து பறக்கும். சுரங்க ரயில் நிலையங்களில் சக்கரமும் தண்டவாளமும் உரசி வரும் இரும்புத்தூள்தான் பெரும்பங்கு.

கால்வனைஸ் தகட்டை வெல்டிங் செய்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் சரியாகுமா?

ஆகாது. கால்வனைஸ் என்றால் துத்தநாகப் பூச்சு; அது சூடாகிக் கிளம்பும் புகையால் வரும் காய்ச்சல் இது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே விடும். மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அலட்சியம் வேண்டாம். வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று 2017இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. புகையை முகத்துக்கு வரும் முன்பே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

துணி மாஸ்க் போதுமா?

போதாது. என்95, அதுவும் இடைவெளி விடாமல் பொருந்தினால்தான்.

பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியாயிற்றே, இன்னும் ஏன் பயம்?

கார்களுக்கான பெட்ரோலில் கடைசி நாடும் நிறுத்தியது 2021இல்தான். ஆனால் ஈயம் மட்கிப்போகாது; அன்று படிந்தது மண்ணில் அப்படியே இருக்கிறது. பழைய பெயின்ட் உதிர்வும் சேரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அதனால் வீட்டைத் துடைப்பத்தால் கூட்டிக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்; ஜன்னல் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள்.