இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், மேல்முறையீடு செய்யலாமா?

கேள்வி: நாங்கள் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மகள் அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூவில் 600-க்கு 521 எடுத்தாள். மதுரையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.காம். கேட்டு ஆன்லைனில் விண்ணப்பித்தோம். முதல் சுற்றுக் கலந்தாய்வில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளோடு படித்த தோழி, எங்கள் சமூகம்தான், 508 மட்டுமே எடுத்தவள். அவளுக்கு அதே கல்லூரியில் பி.காம். கிடைத்துவிட்டது. இது அநியாயம் இல்லையா? மேல்முறையீடு செய்யலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா? எழுபதாயிரம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பேங்க் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் இப்போது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இருவரின் மதிப்பெண் பட்டியல், விண்ணப்பம், சாதிச் சான்றிதழ் நகல்களை இணைத்திருக்கிறேன். – ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த எழுபதாயிரம். கொடுக்காதீர்கள். முன்பணமாகக்கூட ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அரசுக் கல்லூரியில் தரவரிசைப் பட்டியல் போட்டு, அதன்படிதான் கூப்பிடுகிறார்கள். இந்த ஆள் ஐந்தாறு வீட்டில் இப்படிச் சொல்லி வைத்திருப்பார். அதில் ஒரு பிள்ளைக்குத் தானாகவே இடம் கிடைக்கும், அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். சேர்க்கைக்காகக் கட்டணத்துக்கு மேல் பணம் வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. எம்.எல்.ஏ. கடிதத்துக்காக அலைவதும் வேண்டாம், அந்த நேரத்துக்கு உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

இப்போது தோழியின் விஷயம். நீங்கள் அனுப்பிய இரண்டு மதிப்பெண் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். படிப்புக்கு 600-ஐப் பார்ப்பதில்லை. தமிழையும் ஆங்கிலத்தையும் கழித்துவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400-க்குத்தான் தரவரிசை. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். உங்கள் மகள் தமிழில் 94, ஆங்கிலத்தில் 91. இரண்டையும் கழித்தால் 336. தோழி தமிழில் 78, ஆங்கிலத்தில் 75. கழித்தால் 355. பி.காம். வரிசையில் தோழி பத்தொன்பது மதிப்பெண் முன்னால் நிற்கிறாள். அவளுக்கு இடம் கிடைத்ததில் அநியாயம் எதுவும் இல்லை. இதை மகளிடம் இன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற நினைப்புத்தான் அந்தப் பிள்ளையைச் சாப்பிடவிடாமல் செய்கிறது. ஒரு நல்ல தோழியையும் அதனால் இழந்துவிடக் கூடாது.

ஆனால் உங்கள் கண்ணில் படாத ஒன்று என் கண்ணில் பட்டது. விண்ணப்ப நகலில் சமூகப் பிரிவு என்ற இடத்தில் பி.சி. என்று இருக்கிறது. சாதிச் சான்றிதழில் எம்.பி.சி. கம்ப்யூட்டர் சென்டரில் கூட்ட நேரத்தில் யாரோ அடுத்த வரியை அழுத்தியிருக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே நியாயமான காரணம் இதுதான். மதிப்பெண் போதாமல் இடம் போனால் வருத்தப்படலாம், முறையிட முடியாது. பதிவில் பிழை இருந்தால் முறையிடலாம். சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்த மனுவிலும் முதலில் தேடுவது அந்தப் பிழையைத்தான்.

பிரிவு மாறுவதால் என்ன நடக்கும்? பொதுப் போட்டிக்கு 31 சதவீதம், அதில் எல்லாச் சமூகத்தாரும் மதிப்பெண்படி வருவார்கள். மீதி 69-இல் எம்.பி.சி., சீர்மரபினருக்குச் சேர்த்து 20. அறுபது பேர் வகுப்பென்றால் பன்னிரண்டு இடம். உங்கள் மகள் அந்தப் பன்னிரண்டுக்கான வரிசையிலேயே இதுவரை நிற்கவில்லை. அதனால் இடம் உறுதி என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக்குப் போனதும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பி.காம். எம்.பி.சி. பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன? 350 என்றால் நம்பிக்கையை அதிகம் வளர்க்க வேண்டாம். 340-ஐ ஒட்டி இருந்தால் முழு மூச்சாக முயலுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஒருவரை எழுப்பிவிட்டு இடம் தர மாட்டார்கள். ஆனால் பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் கலைக் கல்லூரியில் சேர்ந்த சிலர் டி.சி. வாங்கிக்கொண்டு போவது ஆண்டுதோறும் நடப்பது. அந்தக் காலியிடங்களுக்கு அடுத்த சுற்றில் கூப்பிடும்போது மகளின் பெயர் சரியான பட்டியலில் இருக்க வேண்டும். மனு கொடுப்பது அதற்காகத்தான்.

மனுவை மகளே தன் கையால் எழுதட்டும். கல்லூரி முதல்வருக்கு, ஒரே பக்கம். விண்ணப்ப எண்ணை மேலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு இவ்வளவு போதும்:

“என் விண்ணப்பத்தில் சமூகப் பிரிவு பி.சி. என்று தவறுதலாகப் பதிவாகியுள்ளது. இணைத்துள்ள சான்றிதழின்படி நான் எம்.பி.சி. பிரிவைச் சேர்ந்தவள். பிரிவைத் திருத்தி, என் தரவரிசையை மீண்டும் கணக்கிட்டு, இனிவரும் சுற்றில் என்னைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

தோழியின் பெயர் வரக் கூடாது. குடும்பக் கஷ்டம், அழுகை, குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். பிழை நம் பக்கத்தில் நடந்தது, ஆகவே தொனி வேண்டுகோளாகவே இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடாதீர்கள், அன்றே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாதிச் சான்றிதழ் அசல் கையில் இருக்கட்டும், ஆனால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் மதுரையிலேயே கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. முத்திரை வாங்கிய பிரதியின் நகலோடு அங்கே போங்கள். யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், சேர்க்கை கேட்டு நிற்பவரும் அதனிடம் முறையிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்பார்கள். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு, அதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிடும்.

கோர்ட் இப்போது வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் நம் பக்கத்திலேயே இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவியும் உண்டு. சான்றிதழைக் காட்டி, மனுவும் கொடுத்த பிறகு, உங்கள் மகளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவரை அதே பிரிவில் சேர்த்தார்கள் என்றால் அப்போது அந்தப் படி ஏறுங்கள்.

இதற்கிடையில் செய்ய வேண்டியது ஒன்று, அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மனுவின் முடிவுக்காக மகளை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். உங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடிய ஏதாவது ஒரு கல்லூரியில் பி.காம். இடம் இருந்தால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். பிறகு மதுரையில் கூப்பிட்டால் மாறிக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைத் தர மாட்டோம் என்று எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது, அதுவும் மேலே சொன்ன யு.ஜி.சி. விதிமுறையிலேயே முறையிடக்கூடிய குறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், சேரும்போதே அதற்கும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பேங்க் ஆபீசர் தேர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு பட்டம் போதும், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. இதையும் அவளிடம் சொல்லுங்கள், இன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே.